சீமைக்கிளுவைச் செய்கையும் குழைப் பசளையும்

காற்றில் ஏறக்குறைய ஐந்திலே நான்கு பங்கு நைதரசனாயிருந்தும், நெற்பயிரோ மிளகாய்ச் செடியோ அதனை நேரே எடுத்துக்கொள்ளமாட்டாது. அவ்வூட்டத்தைப் பசளைப் பையிலிருந்தாயினும் எருக்குழியிலிருந்தாயினும் கமக்காரர் கொடுத்தாகவேண்டும். பசளைப் பையோ கப்பலேறி வரும் பொருள். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் யூரியா கிடையாமலும், அடுத்த ஆண்டில் அதன் விலை பன்மடங்கு ஏறியமையாலும் கமக்காரர் பட்ட இடர் பலரும் அறிந்ததே. அக்காலத்திற் குழை தேடிப் புறப்பட்டோர் பலர். தேடிய வேளையிற் பலருடைய வேலிகளில் வெட்டுவதற்கு மரமிருக்கவில்லை. தகரமும் முட்கம்பியுமே இருந்தன. பச்சிலைப் பசளைக்கு மரம் நடவேண்டிய காலம் பசளைத் தட்டுப்பாடு நேர்ந்த காலமன்று. அதற்கு ஓராண்டேனும் முந்திய காலமாகும்.

அவ்வாறு நடத்தக்க மரங்களுள் நம் நாட்டின் தாழ்நிலங்களுக்கு மிகவும் பொருத்தமானது சீமைக்கிளுவை. வட மாகாணத்துக் கமக்காரர் இதனைக் கிளிசரியா என வழங்குவர். சிங்களக் கமக்காரரிடையே வெட்டமாரா, கினிசீரியா என்னும் பெயர்கள் வழக்கிலுள்ளன. பெயரிற் கிளுவை என்றிருப்பினும் யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும் கிளுவையோடு இதற்கு இனத் தொடர்பு யாதுமில்லை. கிளுவை வேறொரு குடும்பம். சீமைக்கிளுவையோ பயறு, அவரை, அகத்தி, முள்முருக்கு ஆகியவை அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டு மரம்.

மரத்தின் இயல்பு

மெச்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். அங்கே கொக்கோத் தோட்டங்களுக்கு நிழல் கொடுப்பதனாற் 'கொக்கோவின் தாய்' எனவும், பட்டையையும் இலையையும் தானியத்தோடு சேர்த்து எலிக்கு இடும் வழக்கத்தினால் 'எலிகொல்லி' எனவும் பொருள்படும் பெயர்களைப் பெற்றது. தாவரவியலார் இட்ட கிளிரிசிடியா செப்பியம் என்னும் பெயரிலும் முற்பகுதி எலியைக் கொல்லுதலையும் பிற்பகுதி வேலியையும் குறிப்பனவாம். இப்பெயரைக் கேட்டு வயலெலிக்கு இதனை மருந்தாக நம்பியிருத்தல் ஆகாது. வரம்பில் இம்மரம் நிற்பதனால் எலி வாராதென்பதற்கு ஆதாரமில்லை.

இலங்கைக்கு இது பெருந்தோட்டங்களின் நிழல் மரமாக வந்து, பின்னர் வேலிகளுக்கும் மிளகுக் கொடி படரும் தாங்குமரமாக மாத்தளை, கண்டிப் பகுதிகளுக்கும் பரவிற்று. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 ஆம் ஆண்டில் அரசாங்கத்தாற் பிரகடனஞ் செய்யப்பட்டது. விறகை எரித்து மின்சாரம் பிறப்பிக்கும் நோக்கமே அதற்குப் பெரிதும் ஏதுவாயிற்று. எனினும் நெல்லும் மரக்கறியும் செய்வோருக்கு இதன் விறகிலும் பார்க்க இலையே பெறுமதியுடையது.

வெட்டாது விட்டால் மரம் 30 அடிக்கு மேலும் உயரும். ஓர் ஈர்க்கில் இரு பக்கமும் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்து, நுனியில் ஒன்று தனித்து நிற்கும். கோடையில் இலைகள் உதிர்ந்தபின், மாசி பங்குனி மாதங்களில், வெறுங்கொம்புகள் எங்கும் இளஞ்சிவப்பும் ஊதாவுங் கலந்த பூக்கள் செறிந்து மலரும். அவரைப் பூவின் அமைப்பே இப்பூவின் அமைப்பும். மேலிதழின் அடியில் மங்கிய மஞ்சட் புள்ளி காணப்படும். தேனீக்கள் இதனை நாடி வருவன. ஆண்டிற் பலமுறை தறிக்கப்படும் மரம் பூப்பது அரிது. ஆகவே வேலி பூத்து அழகாக நிற்குமாயின், அவ்வேலியிலிருந்து போதிய குழை வெட்டப்படவில்லையென்று கொள்ளலாம்.

இம்மரத்தின் வேர்களில் மிளகளவினவான முடிச்சுகள் உள. அவற்றினுள் வாழும் பற்றீரியாக்கள் மரத்திடமிருந்து வெல்லத்தைப் பெற்று, காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்கு ஏற்ற உணவாக மாற்றிக் கொடுக்கும். முடிச்சொன்றை நகத்தாற் பிளந்து பார்க்கையில் உட்புறம் செந்நிறமாயிருப்பின் அது வேலை செய்கின்றதெனவும், சாம்பல் அல்லது பச்சை நிறமாயிருப்பின் ஓய்ந்துவிட்டதெனவும் அறியலாம். மரத்துக்கு வேண்டிய நைதரசன் முழுவதுங் காற்றிலிருந்தே வருகின்றதென எண்ணுதல் பிழை. ஒரு பகுதியை அது நிலத்திலிருந்தும் எடுக்கின்றது. ஆயினும் பயிர்களின் வேர் எட்டாத ஆழத்திலிருந்து எடுத்து இலையாக மேலே தருவதனால் அதுவும் கமக்காரருக்கு ஊதியமே.

நிலமும் காலநிலையும்

கரைவலையோரத்து மணல், குடாநாட்டுச் செம்மண், வன்னியின் செங்கபில மண், ஈரவலயத்தின் புளித்த மண் ஆகிய எல்லாவற்றிலும் இது வளரும். நீர் தேங்கும் நிலமே இதற்கு ஆகாதது. ஆதலின் வயல்களில் உயர்ந்த வரம்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலுமன்றித் தாழ்ந்த வரம்புகளில் நடுதல் வீண். மற்றொரு எல்லை குளிர். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியா போன்ற இடங்களில் இதன் வளர்ச்சி மிகக் குன்றும். அங்குள்ள மரக்கறிச் செய்கையாளர் இதனை நட்டுக் காலங்கழிப்பதிலும் வேறு வழி தேடுதல் நன்று.

கதியால் நடுதல்

கதியால் நட்டு வேலி அடைத்தல் நம்மவர் பரம்பரையாகச் செய்துவரும் தொழிலாதலின் இதில் விரித்துரைக்க வேண்டுவன சிலவே. எனினும் நட்ட கதியால்களிற் பாதி பட்டுப்போவதாகக் கூறப்படும் குறைக்குப் பெரும்பாலும் கதியாலைத் தெரிவு செய்ததிலுள்ள பிழையே காரணமாகும். பச்சை நிறம் மாறாத இளங்கொம்பு நீரிழந்து சுருங்கிவிடும். ஓராண்டுக்கு மேல் முற்றி, பட்டை கபில நிறமாக மாறத் தொடங்கி, வெண்புள்ளிகள் தோன்றிய கொம்புகளையே வெட்டவேண்டும். பருமன் 1½ அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் நன்று. வேலிக்கு 5 அல்லது 6 அடி நீளமும், தோட்டத்துள் தாழ்ந்த வரிசையாக வளர்ப்பதற்கு 2 அடி நீளமும் போதும்.

கூரிய கத்தியால் ஒரே வெட்டில் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டுதல் வேண்டும். மொட்டைக் கத்தியால் அடித்து அடித்து வெட்டினால் அடிமுனை பிளந்து, பட்டை மரத்தினின்று கழன்று, அவ்விடத்தில் அழுகல் ஏறும். வெட்டிய கதியால்களை நிழலில் நிமிர்த்திச் சாத்திச் சில நாட்கள் வைத்தபின் நடுதல் வழக்கம். இது நல்ல வழக்கமே. வெட்டுவாய் காய்ந்து ஆறுதற்கு இடமுண்டாகும். தலைகீழாக நட்டுவிடாதிருக்க மேல்முனைகளை ஒரு பக்கமாக அடுக்குதல் உதவும். மேல் வெட்டுவாயிற் சாணத்தை அப்பினால் ஈரம் விரைவில் உலராது.

அலவாங்கினால் 1 முதல் 1½ அடி ஆழத்துக்குத் துளையிட்டுக் கதியாலை இறக்கிச் சுற்றிலும் மண்ணை இறுக மிதித்தல் வேண்டும். கதியாலையே சுத்தியலால் அடித்து இறக்குதல் ஆகாது, அடிப்பட்டை உரிந்துவிடும். வடக்குக் கிழக்கு மாகாணங்களில் ஐப்பசி மழை தொடங்கும் வாரமே நடுகைக்கு உத்தம காலம். மார்கழியில் நட்டவையும் துளிர்க்கும். ஆனால் வேர் இறங்குமுன் மழை ஓய்ந்துவிடுவதனால் மாசிக் கோடையிற் பல பட்டுப்போகும். துளிர் கண்டவுடனே வேர் பிடித்துவிட்டதென எண்ணுதல் பலரும் ஏமாறும் இடம். கொம்பில் முன்னமே சேமித்த உணவைக்கொண்டு முதற் துளிர் வரும். வேர் பின்னரே வரும். ஆகவே துளிர்த்த கதியாலை அசைத்துப் பார்த்தலும் மாடு உராய விடுதலும் தவிர்க்கப்படவேண்டியவை.

வேலியில் 2 முதல் 3 அடி இடைவெளி போதுமானது. முதலாண்டில் ஆடுகளிடமிருந்து காத்தல் இன்றியமையாதது. ஆட்டுக்கு இதன் துளிர் பிரியமானது.

விதையினால் உண்டாக்குதல்

கதியாலில் வளர்ந்த மரத்துக்கு வேர்கள் மேலோட்டமாகப் பரவும். விதையிலிருந்து வளர்ந்த மரமோ ஆழ வேரூன்றி, சோளகக் காற்றுக்கும் நெடுங்கோடைக்கும் அசையாது நிற்கும். பயிருக்கு நடுவே வரிசையாக நடுவதாயின் விதை நாற்றே மேல், ஏனெனில் அதன் வேர் பயிரின் வேரோடு போட்டியிடுவது குறைவு. காய்கள் முற்றிக் காய்ந்ததும் ஓசையுடன் வெடித்து, விதைகளைப் பல யார் தூரத்துக்கு எறிந்துவிடும். மஞ்சள் கலந்த கபில நிறம் வந்தவுடன் காய்களைப் பறித்து, சாக்கினால் மூடி வெயிலில் உலர்த்தினால் விதை சிதறாது. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, நாற்றுப் பைகளில் அரை அங்குல ஆழத்தில் இட்டால் ஒரு வாரமளவில் முளைக்கும். இரண்டு மூன்று மாதத்து நாற்று நடுகைக்கு ஏற்றது. வெட்டப்படாது நிற்கும் மரங்களிலிருந்தே விதை கிடைக்குமாதலால், வேலியில் நான்கைந்து மரங்களை விதைக்கென விட்டுவைத்தல் தகும்.

தறித்தல்

நட்ட மரத்தை 10 முதல் 12 மாதம் வரை தொடாது விடுதல் வேண்டும். இதிற் பொறுமையிழந்தோர் பிற்காலத்தில் இழப்பது அதிகம். முதற் தறிப்பை நிலத்திலிருந்து 3 அல்லது 4 அடி உயரத்திற் செய்து, அதன்பின் மழைக்காலத்தில் மூன்று மாதத்துக்கொரு முறையும், கோடையில் அதனிலும் தாமதித்தும் தறிக்கலாம். வறண்ட வலயத்தில் ஆண்டுக்கு மூன்று தறிப்புக்கு மேல் எதிர்பார்த்தல் சரியன்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மொட்டையடிக்காது, முந்திய வெட்டுக்குச் சற்று மேலே வெட்டி, ஓரிரண்டு சிறு கிளைகளை இலையுடன் விட்டுவைத்தால் மரம் விரைவிற் தேறும். தறிக்குந்தோறும் வேரின் ஒரு பகுதியும் முடிச்சுகளும் மடிந்து மண்ணோடு கலக்கும். மரம் மீளத் தழைத்தபின் புதிய முடிச்சுகள் தோன்றும். அடிக்கடி வெட்டினால் இலையும் குறையும், முடிச்சும் குறையும்.

கோடை தொடங்குமுன், தை மாதத்திலே, ஒருமுறை தறிக்கப்பட்ட மரம் இலையுதிர்த்துப் பூக்காமற் கோடையிலும் ஓரளவு பச்சையாக நிற்கும். கால்நடை வைத்திருப்போர் இதனைக் கவனித்தல் நன்று.

குழையின் பெறுமதி எவ்வளவு

இங்கேயே மிகைக் கூற்றுகள் பல வழங்குகின்றன. கணக்கைக் கமக்காரர் தாமே போட்டுப் பார்க்கலாம். 100 கிலோகிராம் பச்சைக் குழையில் நீர் போக எஞ்சும் உலர்பொருள் ஏறத்தாழ 22 கிலோகிராம். அவ்வுலர்பொருளில் நைதரசன் நூற்றுக்கு 3½ பங்கு எனக் கொண்டால் முக்காற் கிலோகிராமுக்குச் சற்று மேற்படும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருப்பதால், 100 கிலோகிராம் பச்சைக் குழை ஏறக்குறைய 1⅔ கிலோகிராம் யூரியாவுக்கு ஒப்பானது.

ஓர் ஏக்கர் வயலுக்கு 90 கிலோகிராம் யூரியா இட்டுவந்த கமக்காரர் அந்த நைதரசன் முழுவதையும் குழையாக இட விரும்பினால், 5,400 கிலோகிராம் குழை வேண்டும். ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 836 அடி. நான்கு புறமும் 3 அடிக்கொரு மரம் நின்றாலும் 280 மரங்களே அடங்கும். மரமொன்று ஒரு தறிப்பில் 4 கிலோகிராம் குழை தருவதாகக் கொண்டால் 1,120 கிலோகிராம் கிடைக்கும். அஃதாவது தேவையில் ஐந்திலொரு பங்கு. ஆகவே வயல் முழுவதையும் வேலிக் குழையினாலேயே விளைவிக்கலாமெனக் கூறுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவரல்லர். ஐந்திலொரு பங்கு யூரியாவை மிச்சப்படுத்தலாம், மண்ணின் உக்கலை வளர்க்கலாம் என்பதே நேர்மையான கூற்று.

மரக்கறித் தோட்டத்திற் கணக்கு வேறாகும். நான்கு பரப்புத் தோட்டம், அஃதாவது கால் ஏக்கர், சதுரமாயின் சுற்றளவு 417 அடி. 2 அடிக்கொரு மரமாக 208 மரங்கள் நிற்கும். அதே அளவிற் தறிப்பொன்றுக்கு 830 கிலோகிராம், ஆண்டுக்கு மூன்று தறிப்பில் ஏறக்குறைய 2,500 கிலோகிராம். இது 42 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். கால் ஏக்கருக்கு இது சொற்பமன்று. சிறு தோட்டக்காரருக்கே இம்மரம் பெரிதும் உதவுமென்பது இதனாற் பெறப்படும்.

மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் விளைவு வேறுபடுமாதலின், கமக்காரர் தம் வேலியிற் பத்து மரங்களின் குழையைத் தராசில் நிறுத்துச் சராசரி கண்டு மேற்கூறிய 4 கிலோகிராமுக்குப் பதிலாக அதனைப் பயன்படுத்துக. இன்னுமொன்று: குழையிலுள்ள நைதரசன் முழுவதும் அந்தப் போகத்துப் பயிருக்கே சேர்வதில்லை. ஒரு பகுதி மண்ணிற் தங்கி அடுத்தடுத்த போகங்களுக்கு உதவும். பொசுபரசு இக்குழையில் மிகக் குறைவு. அதனைச் சாணம், கோழியெரு, மண் பரிசோதனையின்படி இடும் பொசுபேற்றுப் பசளை ஆகியவற்றாலேயே ஈடுசெய்தல் வேண்டும்.

நெல் வயலில் இடுதல்

இக்குழை மென்மையானது, ஈர மண்ணில் மூன்று வாரத்துள் இலையின் பெரும்பகுதி உக்கிவிடும். பனையோலை, பூவரசங் குழை ஆகியவை மெதுவாக உக்குவன. விரைவில் உக்குதல் நன்மையாயினும் காலந் தவறினால் தீமையாகும். சேற்றில் அமிழ்ந்த பச்சிலை காற்றின்றி அழுகும்போது சில அமிலங்கள் உண்டாகி இளவேரைத் தாக்கும். குழை தாழ்த்திய மறுநாளே விதைத்த வயலில் முளை மஞ்சளித்து நிற்பது இதனாலேயே. முதல் உழவின்போது குழையைப் பரப்பி உழுது தாழ்த்தி, நீரை மறித்து, இரண்டு வாரங் கழித்து மறு உழவும் பலகையடிப்புஞ் செய்து விதைத்தல் வேண்டும். நாற்று நடும் வயலுக்கும் இதுவே முறை.

விரற்பருமனுக்கு மேற்பட்ட தடிகளை வயலில் இடுதலாகாது. அவை உக்கா, உழுவோர் காலைக் குத்தும், இருசில்லு உழவு இயந்திரத்திலுஞ் சிக்கும். இலையை உருவி எடுத்துத் தடியை விறகாக்குக.

குளத்து நீரில் விளையும் வயல்களுக்கே இம்முறை முழுமையாகப் பொருந்தும். இரணைமடு, கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களின் கீழ்ச் சிறுபோகஞ் செய்வோர், பங்குனி சித்திரைச் சிறுமழையில் தழைத்த குழையை வெட்டித் தாழ்த்தலாம். மானாவாரியாகப் புழுதியில் விதைப்போருக்கோ ஆவணி புரட்டாதியில் மரத்திற் குழையும் குறைவு, மண்ணில் ஈரமும் இல்லை. அவர்கள் மாரியிற் தறித்த குழையைச் சாணத்தோடும் வைக்கோலோடும் அடுக்கிக் கூட்டெருவாக்கி, அதனை அடுத்த விதைப்புக்கு முன் பரப்புதலே செய்யத்தக்கது.

மரக்கறித் தோட்டத்தில் இடுதல்

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு வண்டில் வண்டிலாகக் குழை வந்த காலத்தை முதியோர் அறிவர். அன்று குழை தாழ்த்திய முறையே இன்றும் நல்ல முறை. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு வரிசை தோறும் ஓரடி ஆழத்திற் சால் திறந்து, குழையை இட்டு மிதித்து, மண் மூடி, ஒரு நீர் இறைத்து, பத்து நாட்களின் பின் அதன் மேல் நாற்று நடலாம். பாகல், புடோல், பூசணி ஆகியவற்றின் குழிகளுக்கும் அவ்வாறே. பச்சைக் குழை உக்குகையில் வெப்பம் உண்டாகுமாதலாற் பத்து நாட் தவணையைக் குறைத்தல் கூடாது. வெண்காயப் பாத்திகளுக்குப் பச்சைக் குழை ஏற்றதன்று. உக்காத ஈர்க்குகள் குமிழின் உருவைக் கெடுக்கும். வெண்காயத்துக்குக் கூட்டெருவே சிறந்தது.

பயிர் நின்ற பின்னர் குழையை வேரடியிற் பத்திரக் கலவையாகப் பரப்புவோரும் உளர். இதனால் நீர் மிச்சப்படும், களை குன்றும். ஆனால் மண்ணின் மேற்பரப்பில் உலரும் இலையிலிருந்து நைதரசனின் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். விரைவில் உக்குவதனால் மூடுதலும் நெடுநாள் நில்லாது. கீழே சீமைக்கிளுவைக் குழையும் அதன்மேல் வைக்கோல் அல்லது பனையோலையும் பரப்பினால் இரு குறையும் நீங்கும்.

திரவப் பசளை செய்வதாயின், 200 லீற்றர் பீப்பாவில் 20 கிலோகிராம் நறுக்கிய குழையைச் சாக்கிற் கட்டி அமிழ்த்தி, ஒரு கூடை பசுஞ்சாணமுஞ் சேர்த்து நீர் நிரப்பி, இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை கலக்கிவர, மூன்று வாரத்திற் பயன்படுத்தலாம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் கலந்து வேரடியில் ஊற்றுக. கீரை, சலாது முதலிய பச்சையாக உண்ணும் இலைகள் மேல் தெளித்தலாகாது, அதிற் சாணம் உளது. பீப்பாவை நுளம்பு புகாத வலையால் இறுக மூடிக் கட்டுதல் வேண்டும். பசளைக்கென வைத்த நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடக்கூடாது.

குடாநாட்டுத் தோட்டக்காரர் மனங்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுளது. அங்கே மண்ணின் கீழுள்ளது சுண்ணாம்புக் கல். பயிர் உறிஞ்சாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடும் மாரி மழையோடும் கல்வெடிப்புகளினூடே இறங்கிக் கிணற்றை அடைகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் குறித்த நைத்திரேற்று எல்லையை மீறிய கிணறுகள் வலிகாமத்தில் ஆய்வுகள் பலவற்றிற் கண்டறியப்பட்டுள்ளன. அந்நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு அது தீங்கு. குழையிலுள்ள நைதரசன் சிறிது சிறிதாக வெளிப்படுவதனால் ஒரேயடியாகக் கழுவுண்டு போவது குறைவு. எனினும் குழையையும் இட்டு, யூரியாவையும் வழக்கம்போல இட்டால் கிணற்றுக்குச் செல்வது கூடுமேயன்றிக் குறையாது. 100 கிலோகிராம் குழை இட்ட இடத்தில் ஒரு கிலோகிராம் யூரியாவையாவது குறைத்தல் முறை.

பீடையும் நிழலும்

வறட்சியில் இளந்துளிர்களிற் கறுப்பு அழுக்கணவன் மொய்க்கும். அது சுரக்கும் தேன்போன்ற கசிவில் கரும்பூஞ்சணம் படர்ந்து இலை கரிபூசியதுபோற் தோன்றும். மரத்துக்கு இதனாற் பெருங்கேடில்லை. ஆனால் அதே அழுக்கணவன் பயிற்றையையும் கௌபியையும் தாக்கி, தேமல் நோயையும் பரப்பவல்லது. ஆகவே பயிற்றை முளைக்கும் தறுவாயில் அருகிலுள்ள வேலியைப் பார்வையிட்டு, துளிர்களில் அழுக்கணவன் கண்டால் அவற்றை வெட்டி மண்ணிற் தாழ்த்துக. பொறிவண்டுகளும் அவற்றின் புழுக்களும் நிறைந்திருப்பின் மருந்தடித்தல் வேண்டாம். அவை அழுக்கணவனை உண்பன.

தோட்டத்தின் உள்ளே வரிசைகளாக நடுவோர், அவற்றைக் கிழக்கு மேற்காக 15 முதல் 20 அடி இடைவெளியில் அமைத்தல் நன்று. நிழல் பயிரின்மேல் நெடுநேரம் விழாது. மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் இம்முறையில் மேட்டுநிலப் பயிர்கள் செய்து பார்க்கப்பட்டன. 1980களின் நடுப்பகுதியில் ஆசிய நாடுகளில் இபில் இபில் மரத்தை ஒருவகைச் சாறுறிஞ்சிப் பூச்சி பேரளவில் தாக்கியபின் சீமைக்கிளுவையின் மதிப்பு உயர்ந்தது. உரிய காலத்தில் தறிக்க ஆளில்லாதோர் உள்வரிசைகளை நடாதிருத்தலே நலம். ஒரு மாதம் பிந்தினாலும் மரம் பயிரை மூடிவிடும். சரிவான காணிகளிலோ திசையைப் பாராது, சம உயரக் கோட்டின் வழியே அடுத்தடுத்து இரட்டை வரிசையாக நடவேண்டும். வெட்டிய தடிகளை வரிசையின் மேற்புறத்தில் அடுக்கினால் அரித்துவரும் மண் அங்கே தங்கிப் படிப்படியாகத் தட்டாகும்.

கால்நடைத் தீனி

ஆடும் மாடும் வைத்திருப்போர் குழை முழுவதையும் மண்ணுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இலையிற் புரதம் நிறைய உளது. புதிய மணத்தினால் மாடுகள் முதலில் முகர்ந்துவிட்டு விலகும். வெட்டிய குழையை ஒருநாள் வாடவிட்டு, புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால் ஓரிரு வாரத்திற் பழகிக்கொள்ளும். தீனியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. குவியலாகக் கிடந்து பூஞ்சணம் பிடித்த குழையைக் கொடுத்தல் ஆகாது. அதில் இரத்தம் உறைதலைத் தடுக்கும் நஞ்சு உண்டாகக்கூடும். குதிரைக்கும் முயலுக்கும் இது தீனியன்று. மாடு தின்ற குழை சாணமாகவும் சலமாகவும் மீண்டு வருமாதலால், கொட்டிலிற் சலம் வீணாகாது வைக்கோலில் ஊறச்செய்து எருக்குழிக்குக் கொண்டுசெல்வோர் பாலையும் பசளையையும் ஒருங்கே பெறுவர்.

வேலியைப் பேணுதல்

ஆண்டுதோறும் புரட்டாதியில் வேலியைச் சுற்றிவந்து பட்டுப்போன கதியால்களை எண்ணிக்கொள்ளல் வேண்டும். ஐப்பசித் தறிப்பில் வரும் முற்றிய கொம்புகளே அவ்விடைவெளிகளுக்குப் போதிய கதியாலாகும். விலைக்கு வாங்கத் தேவையில்லை. அடிமரம் பொந்து விழுந்து துளிர் மெலிந்த பழைய மரங்களை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் ஒருமுறை வெட்டிவிட்டால் பெரும்பாலானவை புதிதாகத் துளிர்க்கும். துளிர்க்காதவற்றை விறகுக்கு எடுத்து, அக்குழியிலன்றி அதற்கு ஓரடி தள்ளிப் புதுக் கதியால் நடுக. பழைய வேரை அரிக்கும் கறையான் புதுக் கதியாலையும் அரிக்கும்.